ஆமாம் போடுகிறவன் கவிஞனா?

கேள்வி:

அக்கா, எனக்கு 27 வயது. சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரை ஊர். பகலில் வண்ணார்பேட்டையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை, மாதம் 14,000 சம்பளம். ஊர்க்கோயில்களில் கொடை விழா இருக்கும் இரவுகளில் ஒரு வில்லிசைக் குழுவில் உடுக்கை அடித்து, தலைமைப் பாட்டுக்காரர் பாடும் அடிகளுக்கு ஆமாம் போட்டுப் பின்பாட்டுப் பாடுகிறேன். போன வருடம் 38 இரவு போனேன், இரவுக்கு 1,500 கிடைத்தது. கல்லூரி நாளிலிருந்து கவிதையும் எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி ஒரு புதுக்கவிதை எழுதினேன். அதே வெள்ளத்தைப் பற்றி வில்லில் பாட ஒரு பாட்டும் எழுதினேன். பாளையங்கோட்டையில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் இரண்டையும் வாசித்தேன். கவிதையைப் பாராட்டினார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு, "இது ஆமாம் போடுற பாட்டு தம்பி, கவிதை இல்ல" என்று சிரித்தார்கள். அதே பாட்டைக் கொடையில் பாடியபோது பெண்கள் அழுதார்கள். இப்போது எங்கள் குழுவை நடத்தும் புலவர் அதை யூடியூபில் போட்டிருக்கிறார், என் பெயர் எங்கும் இல்லை. கோயில் கமிட்டிப் பையன்கள் சினிமா மெட்டுத்தான் கேட்கிறார்கள். இரண்டு மாதமாகத் தொண்டையும் கட்டிக்கட்டிப் போகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வில்லுக்கே வந்துவிடலாமா? அம்மா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்ல என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதில்:

தம்பி, வேலையை விடாதே. மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம்.

நீயே எழுதிய கணக்கைக் கூட்டிப் பார். 38 இரவு, 1,500 வீதம் 57,000. கடைச் சம்பளம் வருடத்துக்கு 1,68,000. வேலையை விட்டால் இன்னும் அதிக இரவு போகலாம் என்று நினைப்பாய். நான் முப்பத்தோரு வருடமாக வில்லடிக்கிறேன், அதில் பதினெட்டு வருடம் வலத்தே, தலைமைப் பாட்டுக்காரர் இடத்தில் உட்கார்ந்து, சொந்தமாகச் செட்டு (குழு) நடத்துகிறேன். அறுபது இரவைத் தாண்டிய வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுபது என்றே வைத்துக்கொள், உனக்கு 90,000 வரும். சம்பளத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கொடை நாள் நம் கையில் இல்லை. சாமிக்கு உகந்த கிழமை என்று செவ்வாயும் வெள்ளியும்தான் பெரும்பாலும் விழும். ஒரே வெள்ளிக்கிழமை நாலு ஊரில் கொடை இருந்தாலும் நீ ஒரு ஊரில்தான் உட்கார முடியும். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஓடுவோம். அப்புறம் ஆடி, ஆவணி. ஐப்பசி கார்த்திகையில் மழையைப் பார்த்துக்கொண்டு உடுக்கையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்போம், தோல் நமுத்துப் போகாமல் இருக்க.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பங்குனிக்கும் சித்திரைக்கும் நான் பதினொரு ஊரில் தாம்பூலம் வாங்கி, பாட வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முன்பணத்தை வாங்கிய கையோடு பழைய கடனை அடைத்திருந்தேன். கொடை நின்றதும் சில ஊர்க்காரர்கள், "அடுத்த வருஷம் வந்து பாடிக் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். சில ஊர்க்காரர்கள் வாசலுக்கே வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஊரில் பிரித்த வரிப்பணம், கணக்குக் காட்ட வேண்டும். நான் கிரைண்டரில் மாவரைத்துத் தெருவில் விற்று அந்த வருடத்தைத் தள்ளினேன். என் செட்டில் குடம் அடித்தவர் வாழைத்தாருக்கு லோடு ஏற்றப் போனார். திரும்பி வரவில்லை. நல்ல கை, இன்றைக்கும் குடத்துக்கு ஆள் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

உன் வேலையில் எனக்குத் தெரியும் சிக்கல் வேறு. பிளெக்ஸ் கடைக்கும் வில்லுக்கும் ஒரே சீசன். கொடைக்கு பேனர் அடிக்கும் வாரம்தான் நீ கொடைக்குப் போகவேண்டிய வாரம். முதலாளியிடம் நீ ஒவ்வொரு செவ்வாயும் தயங்கித் தயங்கி நிற்கிறாய் என்று ஊகிக்கிறேன். அப்படி நிற்காதே. கொடைக்கு ஒரு மாதம் முன்பே தாம்பூலம் ஆகிவிடும். புலவரிடம் தேதிகளை வாங்கி, ஒரு தாளில் எழுதி, முதலாளியிடம் மொத்தமாகக் கொடு. அந்தப் புதன், சனி காலைகளில் பதினோரு மணிக்கு வருகிறேன், பதிலுக்கு ஞாயிறு வருகிறேன் என்று பேசு. நீ போகிற ஊர்களின் பேனர் வேலையை அந்தக் கடைக்கே பிடித்துக் கொடுத்தால் பேச்சு இன்னும் சுலபமாகும். கமிட்டிக்காரர்களை நேரில் தெரிந்த டிசைனரை எந்த முதலாளியும் விடமாட்டார்.

சரி, கவிதைக்கு வருவோம். உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்ததே அதற்காகத்தான்.

நீ அனுப்பிய கவிதை இது:

ஆறு
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து
எழுந்து போனது.
சுவரில்
அதன் உயரம் மட்டும்.

பாட்டு இது:

கண்ணு முன்னே ஆறு வந்து – நம்ம
கட்டிலுல ஏறுச்சய்யா
மண்ணுச் சொவர் மேல வந்து – அது
மார்மட்டம் நின்னுச்சய்யா

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? "சுவரில் அதன் உயரம் மட்டும்" என்பதும் "மார்மட்டம் நின்னுச்சய்யா" என்பதும் ஒன்றுதான். வெள்ளம் வடிந்தபிறகு சுவரில் விட்டுப்போன சேற்றுக்கோட்டை நீ பார்த்திருக்கிறாய். திருநெல்வேலி டவுனில், ஜங்ஷனில், வண்ணார்பேட்டையில் நாம் எல்லாரும் பார்த்த கோடு அது. தாளில் எழுதும்போது அதை ஆறு விட்டுப்போன அளவாக எழுதினாய். பாடும்போது உன் நெஞ்சில் வைத்து அளந்து காட்டினாய். கூட்டத்தில் இருந்தவர்கள் முதலாவதைப் பாராட்டியது சரி. அது நல்ல கவிதை. இரண்டாவதை அவர்கள் கவிதையாகக் கேட்டார்கள், பாட்டாகக் கேட்கவில்லை. நீயும் அதை வாசித்தாய், பாடவில்லை. தப்பு அங்கேதான். வில்லுப்பாட்டை உட்கார்ந்து வாசித்தால் வேகாத சோறு மாதிரிதான் இருக்கும். அடுத்த தடவை அங்கே பாட்டைக் கொண்டுபோனால் உடுக்கையையும் கொண்டுபோ. உடுக்கைக்கு இடம் இல்லாத கூட்டம் என்றால் கவிதையை மட்டும் கொண்டுபோ.

அந்தக் கூட்டத்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்ணதாசனும் கலாப்ரியாவும் விக்ரமாதித்யனும் எழுதிய சீமை இது. நானும் இவர்களைப் படித்துத்தான் ஒரு சொல்லை எங்கே நிறுத்துவது என்று கற்றேன். ஆனால் இதே சீமையில்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இருந்தார். ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநடைக்குப் பாடியவைதான் காவடிச்சிந்து என்பார்கள். கால் எடுத்து வைக்க உதவுகிற பாட்டு. அதைக் கவிதை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எட்டயபுரத்துப் பாரதி தன் பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்தவர். நாங்குநேரி நா. வானமாமலை, புலவர்கள் வாயில் கிடந்த கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர். "ஆமாம் போடுற பாட்டு" என்று சிரிக்கிறவரிடம் இதையெல்லாம் சொல்லி வாதாடாதே. உனக்குத் தெரிந்தால் போதும்.

ஆமாம் போடுவது லேசான வேலையா என்ன? வலத்தே இருக்கிறவர் ஒரு அடியை விட்டதும் இடத்தே இருக்கிறவன் அதை எடுத்து ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறவர் அப்போதுதான் திரும்பிப் பார்ப்பார். ஆகவே வில்லுக்கு எழுதும் அடி, முதல் தடவை கேட்கும்போதே புரிய வேண்டும். ஒரே மூச்சில் முடிய வேண்டும். கடைசிச் சொல், இடப்பக்கத்தார் கைநீட்டிப் பிடிக்கிற மாதிரி வாய் திறந்து நிற்க வேண்டும். உன் "ஏறுச்சய்யா", "நின்னுச்சய்யா" இரண்டும் அப்படித்தான் நிற்கின்றன. கண்ணு–மண்ணு என்று எதுகை, கண்ணு–கட்டில், மண்ணு–மார் என்று மோனை. இலக்கணம் பார்த்துப் போட்டாயோ, காது சொல்லிப் போட்டாயோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடுத்த அடி மறந்தால், அந்த எதுகைதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். "எழுந்து போனது" என்ற வரியை மட்டும் பாட்டுக்குள் கொண்டுவர முயற்சி செய்யாதே. அந்த அமைதி தாளில்தான் இருக்கும். கொடையில் அந்த இடத்தில் ஒரு குழந்தை அழும், இல்லையென்றால் வெடி போடுவார்கள்.

இனி, புதுப்பாட்டை எங்கே வைப்பது? நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முழுநேரமா பகுதிநேரமா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

கொடையில் மேடை நம்முடையது இல்லை. சாமியுடையது, அடுத்தது ஊருடையது. சுடலைமாடன் கதையிலோ இசக்கி கதையிலோ சாமியாடி இறங்கும் இடத்துக்கு ஒரு நேரம் இருக்கிறது. அலங்காரம் முடிந்து தீபாராதனை காட்டும் நேரத்துக்குக் கதை அங்கே வந்து நிற்க வேண்டும். நையாண்டி மேளம் எப்போது நிற்கும், நாம் எப்போது எடுக்க வேண்டும் என்று எல்லாம் கணக்கு. அங்கே போய் உன் புது வரியை நுழைத்தால் சாமியாடி உன்னைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருக்கும். சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் போய், அங்கே சாமியாக நிற்கிற முத்துப்பட்டன் கதையில் அவன் சாகிற இடத்தை மாற்றிப் பாட முடியுமா? அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கிழவிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயர் மாறினால்கூட எழுந்துவிடுவார்கள்.

ஆனால் கவிஞனுக்கென்று திறந்து கிடக்கிற இடமும் வில்லில் உண்டு. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, கதைக்குள் போகும் முன்னால் ஊரின் வளத்தைப் பாடுகிற நாட்டுவளம் வருகிறதே, அது உன் இடம். நிறையச் செட்டுகள் இருபது வருடமாக ஒரே நாட்டுவளத்தை எல்லா ஊரிலும் பாடுகின்றன. கழனி, கரும்பு, கயல் துள்ளும் வாய்க்கால். வாய்க்காலே இல்லாத சாத்தான்குளம் செம்மணல் தேரிப் பக்கம் போயும் கயல் துள்ளும். கேட்கிறவர்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குப் பதிலாக, சாயங்காலம் நாலு மணிக்கே ஊருக்குப் போய்விடு. டீக்கடையில் உட்கார். குளத்தின் பெயர் என்ன, கோயிலுக்கு முன்னால் நின்ற மரம் எப்போது விழுந்தது, இந்த ஊரிலிருந்து முதலில் மும்பைக்குப் போனது யார், பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தது யார் என்று கேள். எட்டு வரி போதும். அந்த எட்டு வரியை அன்று இரவு பாடினால் சினிமா மெட்டு கேட்ட பையன்தான் முதலில் போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுவான். உன் வெள்ளப் பாட்டுக்குப் பெண்கள் அழுதது எதனால் என்று நினைக்கிறாய்? அவர்கள் கட்டிலில் ஏறிய தண்ணீர் அது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, நான் பட்டது. செட்டு தொடங்கிய இரண்டாம் வருடம் வள்ளியூருக்குத் தெற்கே ஒரு ஊர். டீக்கடையில் கேட்டு, அந்த ஊர்க் குளத்தைப் புகழ்ந்து நாலு அடி கட்டினேன். நல்ல அடிகள், இன்னும் எனக்கு மனப்பாடம். பாடி முடிக்கும் முன்பே கூட்டத்தில் சலசலப்பு. நான் புகழ்ந்தது பக்கத்து ஊர்க் குளம். இரண்டு ஊருக்கும் மடைத் தண்ணீரில் வழக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. டீக்கடையில் எனக்குத் தகவல் சொன்னவர் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கொடை பார்க்க வந்தவர்! என் குருநாதர் அன்று பெரிய மனது பண்ணி ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மைக்கை வாங்கி, "எந்தக் குளத்துத் தண்ணியும் தாமிரபரணிக்குச் சொந்தம்" என்று ஒரு விருத்தம் எடுத்துச் சமாளித்தார். ஆற்றுத் தண்ணீருக்கும் அந்தக் குளத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வேறு கதை. அன்றிலிருந்து நாட்டுவளம் எழுதினால் கமிட்டித் தலைவரிடமும் கோயில் பூசாரியிடமும் தனித்தனியாகப் படித்துக் காட்டாமல் பாடுவதில்லை. தெருப் பெயர்களை வரிசையாகச் சொல்லவே சொல்லாதே. எந்தத் தெரு முதலில் வந்தது என்று அடுத்த கொடைவரைக்கும் பேசுவார்கள்.

சினிமா மெட்டைப் பற்றி என் கொள்கை எளிது. கேட்டால் பாடுவேன். நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடைக்கு முன்னால் கூட்டம் அசந்துபோகிற நேரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அது கௌரவக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. கலைவாணர் என்.எஸ்.கே. வில்லைச் சினிமா உலகத்துக்கும் சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகம் ஐயா வானொலிக்கும் நகரத்து மேடைக்கும் கொண்டுபோனார்கள். ஐயாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வில்லு போகாத இடம் இல்லை. ஒன்று மட்டும் கவனி: சினிமா மெட்டில் பாடியதை யூடியூபில் போட்டால் அந்த வீடியோவுக்கு வரும் காசு மெட்டுக்கு உரிமைக்காரருக்குப் போய்விடலாம். கும்மி மெட்டுக்கும் சிந்து மெட்டுக்கும் அப்படி யாரும் வந்து கேட்க முடியாது.

உன் பாட்டு விஷயம். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி அந்தப் பாட்டின் வரிகள் எழுதிய உனக்குச் சொந்தம். எங்கும் பதிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் அந்த உரிமை வேறு யாருக்கும் மாறாது. அப்படியே மாற்றிக் கொடுத்தாலும், எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உன்னை விட்டுப் போகாது. இதைத் தெரிந்து வைத்துக்கொள். ஆனால் இதை எடுத்துக்கொண்டு புலவரிடம் போகாதே. அவர் திருடினார் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தலைமுறையில் செட்டில் எவர் எழுதினாலும் அது செட்டுப் பாட்டு. என் குருநாதர் நான் எழுதியதைப் பாடினார், நானும் அவர் எழுதியதைப் பாடுகிறேன், யார் பெயரையும் யாரும் சொன்னதில்லை. அன்று வில்லு அந்த ஊரோடு முடிந்தது. இன்று அது உலகம் முழுக்கப் போய் நிற்கிறது. அந்த மாற்றம் அவருக்குப் பிடிபடாமல் இருக்கலாம்.

கொடை இல்லாத ஒரு நாள் பார்த்து அவர் வீட்டுக்குப் போ. "ஐயா, வீடியோவுக்குக் கீழ பாட்டு இன்னார்னு ஒரு வரி போட்ருங்க, அம்மா பாத்தா சந்தோஷப்படுவா" என்று சொல். அம்மாவை இழுத்தால் எந்தப் புலவரும் மறுக்கமாட்டார். அடுத்த பாட்டிலிருந்து நம் பழைய வழியைக் கைக்கொள்: முத்திரை. கடைசிக் கண்ணியில் உன்னை வைத்துவிடு.

ஆத்தங்கரை ஊருக்காரன் – உடுக்கை
அடிச்சுச் சொன்ன பாட்டிதய்யா

இப்படி. இதை வெட்டிவிட்டுப் பாடினால் பாட்டு நொண்டும், வெட்டமாட்டார்கள். உன் நோட்டில் தேதி போட்டு எழுதும் பழக்கமும் இருக்கட்டும். கேட்டும் அவர் போடவில்லை என்றால் மறுபடி எனக்கு எழுது, அப்போது வேறு மாதிரி யோசிக்கலாம்.

தொண்டையைப் பற்றி எழுதியிருந்தாய். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருடத்திலிருந்தே விதி இருக்கிறது. போலீஸ் வந்து மைக்கை நிறுத்தியதும் நீங்கள் எல்லாரும் கத்திப் பாடுகிறீர்கள், இல்லையா? கத்தாதே. மைக் நின்றால் ஊர் தானாக நெருங்கி வந்து உட்காரும். சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொல். தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவதும் கெடுதல்தான், பேசாமல் இரு. இரண்டு மாதம் என்கிறாய், அது மிளகுக் கஷாயத்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துவிட்டாயா? 2007-இல் வந்த வாரியம், இன்னும் நம் ஆட்கள் பாதிப் பேர் அட்டை வாங்காமல் இருக்கிறார்கள். திருநெல்வேலியில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேள். அப்படியே மாவட்டக் கலை மன்றத்தின் கலை வளர்மணி விருதுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்றும் கேட்டுவை. 19 முதல் 35 வயதுக்காரர்களுக்கு உள்ளது, உன் வயதுக்குச் சரியாக இருக்கும். வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கும் எழுதிப் போடு. அதில் வருகிற தொகை பெரிதில்லை, ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குக் கதையை எப்படிச் சுருக்குவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் எனக்கு எடிட்டிங் என்றால் என்ன என்று புரிந்தது.

இனி அம்மாவின் கவலை. பெண் வீட்டில் கேட்டால் பிளெக்ஸ் கடையில் டிசைனர் என்று சொல்லட்டும், அதுதான் உண்மை. வில்லைப் பற்றி மறைக்க வேண்டாம். பெண்ணிடம் நீயே ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடு: பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் இரவு வீட்டில் இருக்கமாட்டேன், ஊரில் கொடை என்றால் மாமனார் வீட்டு விசேஷத்துக்குக்கூட வரமுடியாது. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லாமல் கட்டிக்கொண்டேன். முதல் மூன்று வருடம் நாங்கள் பேசிய பேச்சு, அதை எந்த வில்லிலும் பாட முடியாது. இப்போது வேன் புக் பண்ணுவது அவர்தான்.

வருகிற ஆடியில் உன் புலவர் எந்த ஊருக்குத் தாம்பூலம் வாங்கியிருக்கிறார் என்று பார்த்து, அதில் ஒரு ஊருக்கு மட்டும் நாட்டுவளம் எட்டு வரி கட்டு. எனக்கு அனுப்பு. டைப் பண்ணி அனுப்பாதே, உடுக்கையோடு பாடி வாய்ஸ் மெசேஜில் அனுப்பு. குளம் யாருடையது என்று இரண்டு பேரிடம் கேட்டாயா என்பதையும் கூடவே சொல்.